புயல் வண்டிக்கு வைத்த சந்தனம்

சரசுவுக்கு அப்பா எழுதுவது.

இந்த எழுத்தைப் பார்த்து முகம் சுளிக்காதே. கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். ஆனாலும் எழுத்துகள் கோட்டின் மேல் உட்கார மாட்டேன் என்கின்றன. சில ஏறிக்கொள்கின்றன, சில காலைக் கீழே தொங்கவிடுகின்றன. "என்ன அய்யா, உங்க எழுத்தெல்லாம் ஆபீஸ் நேரத்து பஸ்ஸுல படியில தொங்குற ஆளுங்க மாதிரி இருக்கே" என்று ராஜம்மா டீச்சர் போன ஞாயிற்றுக்கிழமை சொன்னார். தின்கன்ஜூனில் கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு எடுப்பவர் அவர். அந்த வகுப்பில் பத்து வயதைத் தாண்டியவர்கள் அவரும் நானும்தான். ஒரு பக்கம் எழுத எனக்குக் காலையிலிருந்து மத்தியானம் வரை ஆகிறது. இந்தப் பக்கத்தை எழுதும்போது மட்டும் நாலு தடவை எழுந்து போய் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். உட்கார முடியவில்லை. அதனால் சில இடங்களை நின்றுகொண்டே, உன் புயல் வண்டியின் பானட் மேல் தாளை வைத்து எழுதியிருக்கிறேன். அந்த இடங்களில் எழுத்து கொஞ்சம் நன்றாக வந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நீ பார்த்துச் சொல்.

அப்பாவுக்கு எழுதத் தெரியுமா என்று நீ ஆச்சரியப்பட மாட்டாய். இதுவரை எழுதத் தெரியாமலா இருந்தது என்றுதான் ஆச்சரியப்படுவாய். அப்படித்தான் உனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் நடித்து வந்திருக்கிறேன். போன மழைக்காலம் வரை எனக்குத் தமிழிலும் ஓர் எழுத்து தெரியாது, பர்மிய மொழியிலும் ஓர் எழுத்து தெரியாது. எண்கள் தெரியும். பாட்டரியின் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் தெரியும். வயரின் நிறம் தெரியும். நான் பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் இங்கே தமிழ்ப் பள்ளிகள் மூடிக் கிடந்தன. துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த என் அப்பா என்னை லாரிப் பட்டறையில் கொண்டுபோய் விட்டார். அங்கே எழுத்து தேவைப்படவில்லை. தேவைப்பட்ட வயதில் கேட்க வெட்கமாக இருந்தது. அதற்கு நான் கண்டுபிடித்த வழி கிரீஸ். யாராவது ஒரு தாளை நீட்டினால் இரண்டு கையையும் விரித்துக் காட்டி, கையெல்லாம் கிரீஸ், நீயே படி என்பேன். உன் மதிப்பெண் அட்டை வரும் நாளில், நீ கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டதும், வேலையே இல்லாவிட்டாலும் ஓடிப்போய் கிரீஸ் டப்பாவுக்குள் கையை விட்டிருக்கிறேன். நீ சிரித்துக்கொண்டே அதை அம்மாவிடம் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குவாய். அம்மாவுக்கு மட்டும் தெரியும். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவள் என்னைக் காட்டிக்கொடுத்ததில்லை.

இப்போது சொல்லக் காரணம் உன் கடிதம். வேலைக்காக ஷ்வேப்யிதாவுக்குப் போன அன்று என் வெற்றிலைப் பெட்டிக்கு அடியில் ஒரு தாளை மடித்து வைத்துவிட்டுப் போனாயே, அதற்குத்தான் இது பதில். ஐந்து மாதம் கழித்து எழுதும் பதில். நீ போனில் கேட்டபோது, "படிச்சேன்மா, சரி" என்று சொன்னேன். படிக்கவில்லை. அம்மாவுக்குப் பர்மிய எழுத்துதான் தெரியும்; தமிழ் பேச வரும், படிக்க வராது. கோயிலில் யாரிடமாவது கொடுத்தால் படித்துச் சொல்வார்கள்தான். ஆனால் அன்று நீ போன முகத்தைப் பார்த்த எனக்கு, அந்தத் தாளில் இருப்பதை இன்னொருத்தர் வாயால் கேட்கத் தைரியம் வரவில்லை. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு வாரம் அலைந்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறித் தின்கன்ஜூன் போய், பிள்ளைகளுக்குப் பின்னால் பாயில் உட்கார்ந்தேன். டீச்சர் பிரசாதத்துக்கு வந்த ஆள் என்று நினைத்து, பூஜை முடிய இன்னும் நேரமாகும் என்றார். அறுபத்தொன்பது வயதில், படிக்க வந்தேன் என்று சொல்ல அன்றுதான் வாய் வந்தது.

சரசு, படிக்கத் தெரிவது எவ்வளவு சந்தோஷமான காரியம் என்று நீங்கள் யாரும் எனக்குச் சொல்லவே இல்லையே. சின்ன வயதிலேயே கற்றுக்கொண்டதால் உங்களுக்கு அது மறந்துபோயிருக்கும். இந்தியாவிலிருந்து வருகிற அப்பளப் பொட்டலத்தில், ஈரமில்லாத இடத்தில் வைக்கவும் என்று போட்டிருக்கிறது. நாற்பது வருடமாக அதைத் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அப்பளம் நமுத்துவிட்டது என்று கடைக்காரனைத் திட்டியிருக்கிறோம். கோயில் தூணில் ஒரு பெயர் வெட்டியிருக்கிறது. நான் அதைச் சாய்ந்துகொள்ள வசதியான பூவேலை என்று நினைத்திருந்தேன். உன் கடிதத்தில் முதலில் எனக்குப் பிடிபட்ட சொல் 'அப்பா'. நாலு இடத்தில் இருந்தது. மற்றது எதுவும் தெரியாமல் அந்த நாலையும் ஒரு வாரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். தை மாதத்தில் ஒரு வரி, மாசியில் மூன்று வரி. பங்குனி முடிவதற்குள் முழுக்கப் படித்துவிட்டேன். படித்து முடித்ததும் அந்தச் சந்தோஷம் கொஞ்சம் நின்றுபோனது.

மெஷின் பொய் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாய். அப்பாவின் வயரிங்கில் ஒரு குறையும் இல்லை, காற்றழுத்தம் இறங்கியதை அவசரத்தில் நான்தான் தவறாகப் பார்த்தேன், என் பேச்சை நம்பிய மனிதர் கால் ஒடிந்து கிடக்கிறார், இனி நான் அந்த வண்டியில் ஏற மாட்டேன், கோ மின் வந்து எல்லாவற்றையும் பிரித்து எடுத்துக்கொள்வார், நீங்கள் வருத்தப்படாதீர்கள் அப்பா என்று எழுதியிருந்தாய். என் வேலையை நல்ல வேலை என்று எழுதிய ஒரே மனுஷி நீ. அதை ஐந்து மாதம் பைக்குள் வைத்திருந்திருக்கிறேன்.

நீயும் உன் கூட்டாளி கோ மினும் அந்தப் பழைய ஜப்பான் வேனை ஓட்டிக்கொண்டு வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா. புயல் வரும்போது அதை எடுத்துக்கொண்டு கடலோரம் போகப் போகிறோம், போனும் இன்டர்நெட்டும் செத்துப்போனாலும் வண்டியே காற்றையும் அழுத்தத்தையும் அளக்கும், ரேடியோவில் கிராமங்களுக்குச் சொல்லும் என்றாய். புயல் வந்தால் ஊரே ஓடும், நீ எதிரே போவாயா என்று கேட்டேன். "எதிர்ல இல்லப்பா, முன்னாடி. அது வர்றதுக்குள்ள போய் உக்காந்துக்கணும்" என்றாய். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வயரிங் என்றதும் கை பரபரத்தது. நாற்பது வருடம் லாரிக்கும் பஸ்ஸுக்கும் லைட்டும் ஹாரனும் போட்டவனுக்கு, ஒரே வண்டியில் இரண்டு கம்ப்யூட்டர், ரேடியோ, கேமரா, கூரையில் காற்றாடி, கம்பத்தில் காற்றழுத்தம் அளக்கும் வெள்ளைப் பெட்டி என்றால் சும்மாவா. எஞ்சின் பாட்டரியைத் தொடாமல் கம்ப்யூட்டர்களுக்குத் தனியாக இரண்டாவது பாட்டரி வைத்தோம். எஞ்சினைக் கிளப்பியதும் ரேடியோவில் கொசு கத்துகிற மாதிரி சத்தம் வந்தது. நீயும் கோ மினும் இரண்டு நாள் கம்ப்யூட்டருக்குள் தேடினீர்கள். நான் எல்லா எர்த் வயரையும் பிடுங்கி ஒரே போல்ட்டில் கொண்டுவந்து முறுக்கினேன். கொசு செத்துப்போனது. கூரையிலிருந்து உள்ளே இறங்கும் ஒவ்வொரு வயரையும் நுழைவதற்கு முன் தொட்டில் மாதிரி ஒரு வளைவு விட்டுத் தொங்கவிட்டேன், மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிட. வெள்ளைப் பெட்டியைச் சுற்றிச் சிலிக்கான் பூசினேன். கடலுக்குள் போட்டாலும் ஒரு சொட்டு உள்ளே போகாது என்று பெருமையடித்தேன். நீ ஒவ்வொரு வயரிலும் ஒவ்வொரு பெட்டியிலும் துண்டுத் தாள் ஒட்டிக்கொண்டே வந்தாய். "எல்லாம் தமிழ்லயே எழுதிட்டேன்பா, உங்களுக்காக. படிச்சுப் பாத்துக்கோங்க" என்றாய். படித்தேன் என்றேன். கையில் கிரீஸ் இருந்தது.

இதே தவறை இதற்கு முன்னும் ஒரு தடவை செய்திருக்கிறேன். அந்தப் பெரிய புயலில் நம் கூரை போனபோது உனக்குப் பத்து வயது. விடிந்தபோது நீ பள்ளிக்கூட அளவுகோலை எடுத்துச் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை அளந்துகொண்டிருந்தாய். ஆற்றுப் படகுத்துறையில் இருந்தவர்கள் பாதிப் பேரைக் காணோம். யாரும் முன்னாடியே சொல்லலையா அப்பா என்று கேட்டாய். யாரும் சொல்லலை என்றேன். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் டீக்கடைக்காரர் ஒரு செய்தித்தாளை என் கையில் திணித்து, பார்த்தாயா, வீட்டைக் கட்டிவை என்றார். வீட்டைக் கட்டுவது என்றால் ஏதோ வாடகை விஷயம் என்று தலையாட்டிவிட்டு, அந்தத் தாளில் லாரி பல்புகளைச் சுற்றி வைத்தேன். அதில் இருந்தது புயல் எச்சரிக்கை, அவர் கட்டச் சொன்னது கூரையை என்று பிறகுதான் தெரிந்தது. நீ ஏன் இந்த வேலைக்குப் போனாய் என்று உன் அம்மா கேட்கும்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். கவனித்திருப்பாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைத்து எழுதுவது பயத்தால். பத்து நாளுக்கு முன் கோ மின் வந்து, ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பிரித்துவிடலாம் என்றான். நான் ஒன்று கேட்டேன்: நீ ஒட்டிய தாள்களை மட்டும் முதலில் நான் உரித்து எடுத்துக்கொள்கிறேன். வகுப்புக்குப் படிக்கப் பாடம் வேண்டும் அல்லவா. தார்ப்பாயை விலக்கிவிட்டு வண்டிக்குள் ஏறினேன். சரசு, உள்ளே முழுக்க நீ எனக்கு எழுதி வைத்திருந்திருக்கிறாய். 'இது உங்கள் இரண்டாவது பாட்டரி. நீங்கள் சொன்னபடி இதில் யாரும் போன் சார்ஜ் போடக்கூடாது.' 'அப்பா மூன்று தடவை பிரித்துப் போட்ட வயர்.' 'கொசுவைக் கொன்ற போல்ட்.' நான் ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு, தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வெயில் தலைக்கு ஏறிவிட்டதா என்று கேட்டாள். கடைசியில் ஏணி போட்டுக் கம்பத்தில் ஏறினேன். வெள்ளைப் பெட்டியின் மேல் இருந்த தாள் மழையில் வெளுத்திருந்தது, ஆனாலும் படிக்க முடிந்தது. 'அப்பா, இந்தத் தாளுக்குக் கீழே இருக்கும் சின்ன ஓட்டையை மூடிவிடாதீர்கள். பெட்டி அதன் வழியாகத்தான் மூச்சு விடும்.'

ஏணியில் நின்றபடியே அதை இன்னொரு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஆயுத பூஜை அன்று நான் வண்டிக்குப் பூஜை போட்டது உனக்குத் தெரியும். நீங்கள் இரண்டு பேரும் உள்ளே சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தீர்கள். அம்மா பர்மிய வழக்கப்படி வழித்துணைக்காகக் கண்ணாடியில் தபியே இலைக் கொத்தைச் செருகினாள். நான் ஸ்டீயரிங்குக்கு, பாட்டரிகளுக்கு, கம்ப்யூட்டர் மூடிகளுக்கு எல்லாம் பொட்டு வைத்தேன். சந்தனக்கட்டை தேய்ந்து குச்சியாகிவிட்டது, போதவில்லை. அதனால் அம்மா கன்னத்துக்கு அரைக்கும் தனாக்கா கட்டையையும் அதே கல்லில் அரைத்துப் பாதிக்குப் பாதி கலந்தேன். பிறகு கம்பத்தில் ஏறினேன். எல்லாவற்றையும்விட முக்கியமான பெட்டி அது என்று நீ சொல்லியிருந்தாய் அல்லவா, அதற்கு மட்டும் பொட்டு இல்லாமல் இருக்கலாமா. உன் எழுத்தின் மேல் பட்டுவிடக்கூடாது என்று பார்த்துப் பார்த்துத் தாளுக்குக் கீழே வைத்தேன். நன்றாக அழுத்தி வைத்தேன்.

ஓட்டையின் ஓரத்தில் மஞ்சளாக, சிமென்ட் மாதிரி காய்ந்து இன்னும் இருந்தது. நடுவில் மட்டும் அந்தப் புயல் மழை கரைத்து ஊசிக்கண் அளவு வழி விட்டிருந்தது. அதனால்தான் நீங்கள் திரும்பி வந்து சோதித்தபோது பெட்டி ஒழுங்காக வேலை செய்தது. புயல் நாளின் பதிவு இருந்த கம்ப்யூட்டரோ தண்ணீரில் நனைந்து போய்விட்டது. பெட்டி சரி, பதிவு இல்லை, அப்படியானால் தவறு உன் கண்ணில் என்று நீ முடிவு கட்டிவிட்டாய்.

நான் நினைப்பது சரியா என்று தெரிந்துகொள்ளாமல் உனக்கு எழுத மனம் வரவில்லை. கோ மினைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், எனக்குப் படிக்கத் தெரியாமல் இருந்ததையும் சேர்த்து. அவன் பெட்டியை மூக்கருகே கொண்டுபோய், "ஊலே, இது தனாக்கா வாசனை இல்ல?" என்றான். எல்லாம் கேட்ட பிறகும் நான் அவனுக்கு ஊலே, மாமாதான். அவனிடம் அதே மாதிரி இன்னொரு பெட்டி இருந்தது. அதை ஊறுகாய் ஜாடிக்குள் வைத்து, வயரை மூடி வழியாக வெளியே எடுத்துச் சுற்றிலும் சிலிக்கான் பூசி, பிரேக் ஆயில் உறிஞ்சும் கைப்பம்பால் ஜாடிக்குள் இருந்த காற்றை இழுத்தோம். கம்ப்யூட்டரில் எண் மளமளவென்று இறங்கியது. பிறகு நானே சந்தனமும் தனாக்காவும் அரைத்து, அன்று வைத்த மாதிரியே ஒரு பொட்டு வைத்து, காயவைத்து மறுபடி பம்ப் அடித்தோம். எண் அசையவில்லை. கோ மின் விடாமல் அடித்தான். அது அப்படியே நின்றது. அவன் பம்பைக் கீழே வைத்தான். பிறகு, "மா சான் சரியாத்தான் பாத்திருக்கா. எண்தான் இறங்கவே இல்ல" என்றான், உன்னைப் பர்மியப் பெயரால் சொல்லி.

கடலோரத்தில் லபுட்டா பக்கத்துக் கிராமத்தில் புயல் அன்று நடந்ததை அவன் எனக்கு முழுக்கச் சொன்னது அப்போதுதான். படகுக்காரர் ஊ டின் உன்னிடம் வந்து, கிளம்பலாமா மகளே, இருக்கலாமா என்று கேட்டிருக்கிறார். புயல் நெருங்கினால் இறங்க வேண்டிய அந்த எண்ணைப் பார்த்தாய், ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. இன்னும் இறங்கவில்லை, நாளைக்குக் காலையில் கிளம்பினால் போதும் என்றாய். அன்று மத்தியானமே காற்று வந்துவிட்டது. ஆட்களைப் படகில் ஏற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்பிய ஊ டின் மேல் உத்தரம் விழுந்தது. நல்ல வேளையாக உயிர்கள் தப்பின. ஆனால் அவருடைய வலது கால் ஒடிந்தது, நீ போய்ப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் காலைத்தான் பார்த்துவிட்டு வருகிறாய். அந்தக் கால் என்னால் போனது சரசு. உன் கண்ணால் இல்லை, உன் படிப்பால் இல்லை. நான் சிலிக்கான் பூசி அடைத்த பெட்டி, நான் பொட்டு வைத்து மூடிய ஓட்டை, நான் படிக்காத தாள். காற்று போகவும் வரவும் வழியில்லாத பெட்டிக்குள் பூஜை நாளின் காற்றே அடைபட்டுக் கிடந்திருக்கிறது, அதைத்தான் உனக்குச் சொல்லியிருக்கிறது. இந்த மழை தொடங்குவதற்கு முன் நான் ஊ டின் வீட்டுக்குப் போய் இதைச் சொல்வேன். அதற்கு நீ துணைக்கு வர வேண்டாம்.

இதை நான் கண்டுபிடித்து ஒரு வாரம் ஆகிறது. ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்பாய். கோ மின் அன்றே போன் போடப் போனான், நான்தான் தடுத்தேன். இதை நானே எழுத வேண்டும், கொஞ்சம் அவகாசம் கொடு என்றேன். அது பாதி உண்மைதான். மறுபாதியைச் சொல்கிறேன். நீ ஷ்வேப்யிதாவில் தொழிற்சாலைக்குள் மின்சாரப் பெட்டிகளைச் சோதித்துக்கொண்டிருக்கிறாய். தலைக்கு மேல் கூரை இருக்கிறது. வாரம் ஒரு தடவை போன் வருகிறது. போன வருடம் நீ வண்டியோடு போன நாளில் நான் ரேடியோவை விட்டு நகரவில்லை. நீ வண்டியை விட்டுவிட்டாய் என்றதும், உன் முகம் வாடியிருந்ததைப் பார்த்துக்கொண்டே உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தேன். இந்தச் சந்தன விஷயத்தைச் சொன்னால் நீ திரும்பவும் ஏறிவிடுவாய் என்று எனக்குத் தெரியும். சொல்லாவிட்டால் பத்திரமாக இருப்பாய். இதைத்தான் தினமும் காலையில் நினைப்பேன், கதவைத் திறந்து வானத்தைப் பார்ப்பேன், தாளை எடுப்பேன், வைப்பேன்.

மூன்றாவது நாள் ரேடியோவில், தெற்கே வங்கக் கடலில் காற்றழுத்தம் தாழ்ந்திருக்கிறது, வலுக்கலாம் என்றார்கள். அவசரமாக ஒரு கடிதம் எழுதினேன். அதில் சந்தனத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. வயதாகிவிட்டது, நீ எங்கும் போகாதே, வேலையை விடாதே, வண்டியைப் பிரித்துவிட்டோம் என்று மட்டும் எழுதினேன். எழுதி முடித்ததும், நான் எழுதியதை யாருக்காவது படித்துக் காட்ட ஆசையாக இருந்தது. உன் அம்மாவை உட்காரவைத்துப் படித்தேன். இத்தனை காலம் வீட்டுக்கு வந்த தாளையெல்லாம் அவள்தான் எனக்குப் படித்தாள், அன்று முதல்முறையாக நான் அவளுக்குப் படித்தேன். நீ திரும்பப் போவதில் அவளுக்கும் சம்மதம் இல்லை. பொண்ணு தலைக்கு மேல கூரை இருக்கு, போதும், வாயை மூடிக்கிட்டு இரு என்று இரண்டு நாளாக அவளும் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். அதனால் நன்றாக இருக்கிறது என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் காய்கறி நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"போகாதேன்னு சொல்லு. நானும் சொல்றேன். ஆனா முதல்ல சந்தனத்தைச் சொல்லிட்டு அப்புறம் சொல்லு. இதை மட்டும் அனுப்பினா நீ திருடன்."

எழுதப் பழகி முதல் முதலாக எழுதிய முழுக் கடிதம் அது. அடுப்பில் போட்டேன். இது இரண்டாவது.

ஆகவே அம்மா சொன்ன வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். சந்தனத்தைச் சொல்லிவிட்டேன். இப்போது சொல்கிறேன், போகாதே. நான் சொல்வதை நீ கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. என் பேச்சைக் கேட்டுத் தொழிற்சாலையிலேயே இருந்தாலும் சரி, ஆனால் எனக்கு எண் பார்க்கத் தெரியவில்லை என்ற நினைப்போடு மட்டும் அங்கே இருக்காதே. பயமாக இருக்கிறது என்று இரு, அப்பா அழுதார் என்று இரு. வேறு காரணம் எதுவானாலும் பரவாயில்லை. உனக்குச் சொல்ல எனக்குப் பெரிய புத்திமதி எதுவும் இல்லை. கிரீஸ் டப்பாவுக்குள் கையை விட்டே ஓர் ஆயுளை ஓட்டியவன் நான். நீ ஏதாவது தெரியாத இடத்தில் நின்றால் அந்த நிமிஷமே தெரியாது என்று சொல்லிவிடு. பக்கத்தில் இருப்பவன் படித்தேன் என்று சொன்னால் எங்கே, ஒரு தடவை வாய்விட்டுப் படி என்று கேள். அது உன் அப்பனாக இருந்தாலும் கேள்.

வண்டியைப் பிரிக்கவில்லை. பெட்டியின் ஓட்டையை ஊசியால் குத்தி எடுத்து, ஸ்பிரிட்டில் கழுவி, ஜாடியில் வைத்து ஆறு தடவை பார்த்துவிட்டோம். ஆறு தடவையும் எண் ஒழுங்காக இறங்கியது. நனைந்த கம்ப்யூட்டருக்குப் பதில் கோ மின் தன்னுடையதைக் கொண்டுவந்து பூட்டியிருக்கிறான். தரையிலிருந்து தண்ணீர் தெறிக்காமல் அதை இந்தத் தடவை ஒரு முழம் உயரத்தில், அதிராமல் இருக்க ரப்பர் வைத்து மாட்டினேன். நீ ஒட்டிய தாள்களை உரிக்கவில்லை. வெள்ளைப் பெட்டிக்கு மட்டும் புதுத் தாள் ஒட்டியிருக்கிறேன். எழுத்து என்னுடையது. இந்த வருடம் நானோ வேறு யாரோ பூஜை போட்டால், வண்டியை எடுப்பதற்கு முன் ஒரு துணியால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு எடு. சாமி ஒன்றும் நினைத்துக்கொள்ளாது.

சற்று முன் கோ மின் வந்தான். தாழ்வு நம் பக்கம் திரும்பலாம் என்கிறார்களாம். இன்று மத்தியானம் அவன் வண்டியை எடுத்துக்கொண்டு கடலோரத்துக்குக் கிளம்புகிறான், நீ வந்தாலும் வராவிட்டாலும். தனியாக ஓட்டிக்கொண்டே எண்ணையும் பார்க்க முடியுமா என்று கேட்டேன். பார்க்க முடியாது ஊலே, ஆனால் போகாமலும் இருக்க முடியாது என்றான். இந்தக் கடிதத்தை அவனிடம்தான் கொடுத்து அனுப்புகிறேன். ஷ்வேப்யிதா வழியாகத்தான் போகிறான். நீ படித்து முடிக்கும் வரை தொழிற்சாலை வாசலில் எஞ்சினை நிறுத்திவிட்டு நிற்கச் சொல்லியிருக்கிறேன். என் எழுத்தைப் படிக்க உனக்கு எப்படியும் அரை மணி ஆகும். அவசரப்படாதே. உன் அம்மா ஒரு பொட்டலம் கொடுத்தாள், அதையும் அவனிடமே கொடுக்கிறேன். அதில் உன் மழைக்கோட்டும் இருக்கிறது, தொழிற்சாலைக்குப் போட்டுக்கொண்டு போகத் தைத்த புதுச் சட்டையும் இருக்கிறது. எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள் என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும் உனக்கு மறுபடி எழுதுவேன். நீ என் மேல் கோபமாக இருந்தாலும் எழுதுவேன். அதற்குள் கையும் கொஞ்சம் தேறியிருக்கும். உறையின் மேல் ஷ்வேப்யிதா என்று எழுதுவதா, லபுட்டா என்று எழுதுவதா என்பதை மட்டும் அம்மாவுக்குப் போனில் சொல். இரண்டையும் எழுதப் பழகி வைத்திருக்கிறேன்.

உன் அப்பா